செய்தி போடாத பத்திரிகைக்காரர்

ஒரு செய்திகூடப் போடாமல் வருஷக்கணக்கில் செய்திப் பத்திரிகை நடத்திய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ஒரகடத்தில் இருந்தார். உலகத்தில் எந்த நாட்டில் பத்திரிகைச் சுதந்திரம் எவ்வளவு என்று ரேங்க் போடுகிறார்களாம். போடுகிறவர்கள் ஒரு தடவை எங்கள் கூட்டுரோட்டில் இறங்கி, என் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருந்தால், இவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் மறுப்பு அண்ணன். வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், பையில் மூன்று பேனா இருக்கும், மூன்றும் எழுதாது. மொபெட்டின் முன்னால் பிரஸ், பின்னால் பிரஸ், ஹெல்மெட்டில் பிரஸ். அந்த ஹெல்மெட்டைக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கழற்ற மாட்டார். கையில் எப்போதும் பஞ்சு உறை போட்ட மைக் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் இறங்கி அவருடைய பேன்ட் பாக்கெட்டுக்குள் போகும். போய், அங்கேயே முடிந்துவிடும்.

"இது இன்னாத்துக்குண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மைக்க பாத்தாத்தான் தம்பி பெரிய மனுசன் வாயத் தொறப்பான். பேனாவ பாத்தா மூடிக்குவான்" என்றார்.

அவருடைய பத்திரிகையின் பெயர் 'ஷிப்ட் நியூஸ்'. வாரம் ஒருமுறை, நான்கு பக்கம். டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் சும்மா கிடக்கும், எடுத்துப் படிக்கலாம். கடைசிப் பக்கத்தில் மனைப்பிரிவு, மெஸ், ஆண்கள் தங்கும் விடுதி, மூலநோய் விளம்பரங்கள். அதில்தான் பேப்பர் ஓடியது. கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவது என் கடையில். ஆசிரியர், நிருபர், பேப்பர் போடுகிறவர் எல்லாம் அவரே. வாரா வாரம் என் ஸ்டூலை ஆக்கிரமித்து, என் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஆரம்பத்தில் அவரும் எல்லாரையும் போல யோக்கியமாகச் செய்திதான் போட்டார். ஒரு கம்பெனி கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்ததாக முதல் பக்கத்தில் எழுதினார். ஒரு ஈ காக்கைகூடப் படிக்கவில்லை. பேப்பரைக் கிழித்து அதன்மேல் வடை வைத்துத் தின்றார்கள். ஆனால் கம்பெனி படித்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வந்தது: செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவில் மறுப்பு வரவேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டு. அண்ணன் ஆடிப்போய்விட்டார். அவர் ஒன்றும் வீரர் இல்லை. நாய், போலீஸ், வீட்டுக்காரம்மா மூன்றுக்கும் சரிசமமாகப் பயப்படுகிறவர். அடுத்த வாரமே கொட்டை எழுத்தில் போட்டோம்: 'எங்கள் கேன்டீன் சாம்பாரில் பல்லி இல்லை! நிர்வாகம் திட்டவட்ட மறுப்பு.'

அவ்வளவுதான். அந்த வாரம் பேப்பர் கிடைக்காமல் ஷேர் ஆட்டோக்களில் சண்டை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரைக்கும் பல்லி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் முதல் ஷிப்ட் மொத்தமும் டிபன் பாக்ஸோடு வந்து இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் கேன்டீன் கான்ட்ராக்ட் கைமாறியது.

அண்ணன் என் கடைக்கு வந்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நியூஸ் போட்டா நோட்டீஸ் வருது. மறுப்பு போட்டா பல்லி ஓடுது. அப்ப இன்னாத்துக்கு நாம நியூஸ் போட்டுக்கினு கீறோம்?"

"நியூஸ் போடலன்னா பேப்பர்ல வேற இன்னாண்ணே போடறது?"

"டைரக்டா மறுப்புதான்" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் அவர் தொழில்முறை. யாராவது ஒரு தொழிலாளி வந்து காதைக் கடிப்பார். அண்ணன் சம்பந்தப்பட்ட பெரிய மனிதரிடம் போய் மைக்கை நீட்டுவார். "சார், வெளிய ஒரு மாதிரி பேசிக்கிறாங்கோ. நான் நம்பல. நீங்களே உங்க வாயால இல்லன்னு சொல்லிட்டா, மொதப் பக்கத்துல போட்டு வதந்திய மூடிடுவேன்." பெரிய மனிதருக்குப் பரம சந்தோஷம். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பத்திரிகைக்காரனா! டீ வரும், பிஸ்கட் வரும், பின்னாலேயே மறுப்பும் வரும். நோட்டீஸ் மட்டும் வராது. அவர் சொன்னதைத்தானே போட்டிருக்கிறது, எந்தக் கோர்ட்டில் என்ன கேஸ் போட முடியும்?

'பெண்கள் கழிவறைக்குப் பூட்டு போடவில்லை' என்று ஒரு வாரம் வந்தது. பூட்டு அந்த வாரமே காணாமல் போனது. 'ஏரி மண்ணை நான் அள்ளவில்லை' என்று ஒரு உள்ளூர்ப் பிரமுகர் மறுத்தார். மறுத்ததில் அவருக்கே அபார திருப்தி. அந்தத் தலைப்பைத் தன் கும்பிடு போட்ட படத்தோடு ஃப்ளெக்ஸ் அடித்து பிள்ளைப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் கட்டினார். போகிற வருகிற ஜனங்கள் அண்ணாந்து பார்த்து, "அப்ப அள்ளிட்டான்யா" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச காலத்திலேயே தொழிற்பேட்டை முழுக்க ஒரு புது வாசிப்புப் பழக்கம் வந்துவிட்டது. ஷிப்ட் நியூஸில் எதைப் படித்தாலும் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர வந்த வெளியூர்ப் பையன்கூட ஒரே வாரத்தில் தேறிவிடுவான். தேறாதவர் ஒரே ஒருவர், புதிதாகக் கடை போட்ட மெஸ்காரர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். 'எங்கள் மெஸ்ஸில் நேற்றைய குழம்பை இன்று ஊற்றுவதில்லை' என்று ஆசை ஆசையாகக் கால் பக்க விளம்பரம் கொடுத்தார். அந்த வாரம் அவர் கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. கரண்டியும் கையுமாக என் கடைக்கே வந்துவிட்டார்.

"யோவ் மறுப்பு! நல்லதத்தானய்யா போடச் சொன்னேன்!"

"நான் இன்னாய்யா பண்றது? ஜனங்க அப்படிப் படிக்குது. உனுக்கு ஊரு ரூல்ஸு தெரியாதா?" என்று அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பதில் சொன்னார்.

ஒரு தடவை அரசு அங்கீகார அட்டை வாங்கப் போனார். அதிகாரி ஷிப்ட் நியூஸ் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதுல செய்தியே இல்லையேங்க. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒண்ணும் நடக்கலன்னுதானே போட்டிருக்கு?" "ஆமா சார், எங்க ஏரியா அப்படி" என்றார் அண்ணன். "ஒண்ணுமே நடக்காத ஊருக்கு நிருபர் எதுக்குங்க?" என்று அதிகாரி கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் 'ஊடகச் சீர்திருத்தம்' என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. அதற்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சென்னையிலிருந்து வந்த பெரியவர்கள் ஏசியில் உட்கார்ந்து, பத்திரிகை என்பது விளம்பரம் கொடுப்பவருக்கு அடிமையாகக் கூடாது என்று மாறி மாறி முழங்கினார்கள். கேள்வி நேரம் வந்தது. அண்ணன் ஹெல்மெட்டோடு எழுந்து, தன் மைக்கை மேடைப் பக்கம் நீட்டினார். "ஐயா, இந்த மத்தியான சாப்பாடே ஒரு கம்பெனி ஸ்பான்சர்னு வெளிய பேசிக்கிறாங்கோ. நான் நம்பல." மேடையில் இருந்தவர் சிவந்துபோய், "அபாண்டம், முற்றிலும் மறுக்கிறேன்" என்றார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நேராகப் பந்திக்குப் போனார். பிரியாணி பிரமாதம் என்று இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போன கதைக்குள் ஒருநாள் பஸ் வந்து நுழைந்தது.

என் மனைவி சுமதிக்குக் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் வேலை. நாங்கள் குடியிருக்கும் குன்றத்தூரிலிருந்து முதல் ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸில் போவாள். பஸ் பேருக்குத்தான் கம்பெனி பஸ். வாடகைக்கு விடுவது ஒரு டிரான்ஸ்போர்ட் முதலாளி. வரிசையாகப் பஸ்கள் வைத்திருந்தார். ஏரியாவில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் சாயங்காலம் சுமதி நெற்றியில் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"பாலத்துல எறங்கறப்ப பஸ்ஸு நிக்கவே இல்லீங்க. டிரைவரு ஓரமா மண்ணுல ஏத்தி நிறுத்துனாரு. முன்சீட்டு கம்பி இடிச்சிக்கிச்சு" என்றாள். சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இட்லிக்கு ஊறவைக்கப் போனாள். லீவு போடச் சொன்னால் போடமாட்டாள். போட்டால் லைனில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள்.

மறுநாள் அந்த பஸ்ஸின் டிரைவர் ஏழுமலையே கடைக்கு வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். இருந்த நிலத்தை விற்றுவிட்டு ஸ்டீயரிங் பிடிக்க வந்தவர். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"பிரேக்கு நிக்கல மறுப்பு. நம்ப வண்டி மட்டும் இல்ல, எல்லா வண்டியும் அப்படித்தான் கீது. மொதலாளிகிட்ட சொன்னா, ஓட்டறதுன்னா ஓட்டு, இல்லன்னா சாவிய வெச்சிட்டுப் போங்கறாரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாரு. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுப்பா."

"உன் பேரு இன்னாத்துக்கு வெளிய வரப்போவுது? அவரு வாயாலயே வாங்கினு வரேன் பாரு" என்று அண்ணன் மைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலாளி அவரை வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாய்யா மறுப்பு. பிரேக்கு விஷயமா? நான் மறுக்கவே மாட்டேனே!"

"அப்ப ஒத்துக்கிறீங்களா?"

"அதுவும் சொல்ல மாட்டேன். டீ சாப்டுட்டுப் போ."

கம்பெனி எச்.ஆர். அதைவிட மரியாதை. "அது டிரான்ஸ்போர்ட்காரர் சப்ஜெக்ட்டுங்க. நாங்க கமென்ட் பண்றதில்லைங்க." தொழிற்பேட்டையின் பெரிய மனிதர்களும் ஒருவழியாகப் பாடம் படித்துவிட்டிருந்தார்கள். வாயைத் திறந்து மறுத்தால்தானே செய்தி? திறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பக்கம் கட்டவேண்டும். முதல் பக்கம் காலி. அண்ணன் ஸ்டூலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேராவே போட்டுடுங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. சுமதியின் நெற்றியில் வீக்கம் இன்னும் வற்றியிருக்கவில்லை.

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் என் பேனாவை வாங்கி எழுத உட்கார்ந்தார். பழக்கம் விடுமா? 'பிரேக் பிடிக்காமல் இல்லை என்று சொல்வதற்கில்லை' என்று எழுதினார்.

"இதுக்கு இன்னாண்ணே அர்த்தம்?"

"எனக்கே தெரியல தம்பி" என்றார் பரிதாபமாக.

கடைசியில், அடித்தும் திருத்தியும், 'கம்பெனி பஸ்களில் பிரேக் பழுது' என்று ஒரு தலைப்பு தேறியது. அதற்குக் கீழே 'கோ. தெய்வசிகாமணி' என்று எழுதினார்.

"யாருண்ணே இவரு?"

"நான்தாம்பா."

"இத்தினி வருசமா பேரே போட்டதில்லையே!"

"ஏழுமல பேரு வரக்கூடாதில்ல? யாரு எழுதுனான்னு தேடுவானுங்கோ. தேடறப்ப ஒருத்தன் கெடைக்கணும். நம்பளே கெடைச்சிட்டுப் போவோம்" என்றார்.

மறுநாள் பேப்பர் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். சுமதி என்னைவிட நிம்மதியாக இருந்தாள்.

"பாத்தீங்களா, பிரேக்க சரி பண்ணிட்டாங்க."

"உனக்கு யார் சொன்னது?"

"மறுப்பு அண்ணன் பேப்பர்லதான் போட்டுக்கீதே, பழுதுன்னு. அப்ப நல்லாகீதுன்னுதானே? பஸ்ஸுல எல்லாரும் ஒரே சந்தோசம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது நிஜச் செய்தி என்று சொல்லிப் பார்த்தேன். "சும்மா இருங்க. இத்தினி வருசமா படிக்கிறோம், எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அண்ணனுக்கு போன் போட்டேன். சுமதி சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டார். பிறகு, "மொத ஷிப்ட் பஸ்ஸு எங்க நிக்கும் தம்பி?" என்று கேட்டார்.

திங்கள்கிழமை விடியற்காலை குன்றத்தூர் ஸ்டாப்பில் பஸ்கள் வரிசையாக நின்றன. சுமதி உட்கார்ந்திருந்தது இரண்டாவது பஸ்ஸில். முதல் பஸ்ஸுக்கு நேர் முன்னால் மொபெட்டைப் படுக்கப் போட்டு, அதன் பக்கத்தில் ஹெல்மெட்டோடு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார் மறுப்பு அண்ணன்.

"எம்மா, எறங்குங்கோ! மெய்யாலுமே பிரேக்கு இல்ல! இது நெஜ நியூஸு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஜன்னல்களில் ஒரே சிரிப்பு. "போண்ணா, நீயே பழுதுன்னு சொல்லிட்ட, அப்புறம் இன்னா பயம்?" என்றாள் ஒருத்தி. ஏழுமலை தன் சீட்டில், அண்ணனை முன்பின் பார்த்ததே இல்லை என்பது போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கெஞ்சினேன். ஜெராக்ஸ் கடைக்காரன் பேச்சை யார் கேட்பது?

முதலாளி காரில் பறந்து வந்தார். ஷிப்ட் நேரம் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் மேல் போன். வந்த கோபத்தில் அவருக்குப் படித்த பாடமெல்லாம் மறந்துவிட்டது. அண்ணன் கையிலிருந்த மைக்கை வெடுக்கென்று பிடுங்கி, பஸ்களைப் பார்த்து அதில் முழங்கினார்.

"எம்மா, எல்லாரும் கேட்டுக்கங்க! என் பஸ்ஸுல பிரேக்கு நல்லாத்தான் இருக்கு! ஒரு பழுதும் கிடையாது! நான் சொல்றேன்!"

சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டாவது பஸ்ஸிலிருந்து சுமதி டிபன் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். "அவரே மறுத்துட்டாருடி" என்று யாரோ சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு எல்லாப் பஸ்களின் படிகளிலும் தள்ளுமுள்ளு. கொஞ்ச நேரத்தில் டிரைவர்களைத் தவிர உள்ளே ஒரு ஆள் இல்லை.

கம்பெனிக்காரர்கள் ஆளுக்குப் பயப்பட மாட்டார்கள், ஆனால் லைன் நின்றால் பதறிவிடுவார்கள். அன்று காலை லைன் நின்றது. மத்தியானத்துக்குள் வாடகைக்கு வேறு பஸ்கள் வந்தன. பழைய பஸ்கள் ஒவ்வொன்றாக ஒர்க்‌ஷாப்புக்குப் போயின.

அண்ணன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சாலை மறியல், அவதூறு என்று முதலாளி புகார் கொடுத்திருந்தார். நானும் சுமதியும் இன்னும் சில பெண்களும் பின்னாலேயே போய் ஸ்டேஷன் வாசலில் நின்றோம். இன்ஸ்பெக்டருக்கு மறியல் பெரிதாகத் தெரியவில்லை. அவர் பக்கத்திலேயே முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"பிரேக்கு விஷயத்த உனக்கு யாரு சொன்னது? டிரைவர்ல எவன்?"

இங்கேதான் சிக்கல். 'ஏழுமலையா?' என்று கேட்டு, அண்ணன் 'ஆமாம்' என்றால் ஏழுமலைக்கு வேலை போச்சு. 'இல்லை' என்றாலும் போச்சு. அண்ணன் இல்லை என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது இந்தத் தொழிற்பேட்டையில் போலீஸ்காரர் உட்பட எல்லாருக்கும் தெரியும். ஆகவே வாய் ஓயாத அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

"முருகனா? செல்வமா? ஏழுமலையா?"

எந்தப் பெயருக்கும் முகத்தில் ஒரு அசைவு இல்லை. சுவரில் மாட்டியிருந்த சாமி காலண்டரையே பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதட்டினார்கள், மேஜையைத் தட்டினார்கள், நல்ல வார்த்தையும் சொல்லிப் பார்த்தார்கள். கல்யாணப் பந்தியில்கூடக் கழற்றாத ஹெல்மெட் மடியில் இருந்தது. போலீஸ் ஜீப்பைக் கண்டாலே சந்துக்குள் வண்டியைத் திருப்புகிற மனுஷன். எப்போது உடைந்துவிடுவாரோ என்று வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் உடையவில்லை. சாயங்காலம்வரை ஒரு 'ம்' கூட வரவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் அலுத்துப்போய், "கூட்டிட்டுப் போங்கய்யா இந்த ஆள" என்றார்.

வெளியே வந்ததும் அவர் முதலில் சொன்னது, "தம்பி, ஒரு டீ சொல்லேன்" என்பதுதான். டீ கிளாஸை அவரால் பிடிக்க முடியவில்லை. சுமதிதான் வாங்கி, ஆற்றிக் கொடுத்தாள்.

அதோடு ஷிப்ட் நியூஸ் முடிந்தது. அச்சகக்காரர் இனிமேல் அச்சடிக்க முடியாது என்று கைவிரித்தார். மெஸ், மனைப்பிரிவு, விடுதி என்று விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அண்ணன் ஆவடிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். ஏழுமலை இப்போதும் பஸ் ஓட்டுகிறார், மூத்த பெண் நர்ஸிங் முடித்துவிட்டது. என் போனில் இன்று ஏகப்பட்ட செய்திக் குழுக்கள் இருக்கின்றன. எல்லாரும் ரொம்ப தைரியமாகத்தான் எழுதுகிறார்கள், கீழே மட்டும் யார் பெயரும் இருப்பதில்லை.

சுமதி இன்னும் அதே கம்பெனிக்குத்தான் போகிறாள். சாயங்காலம் எங்கள் தெருமுனையில் பஸ் வந்து பிரேக் போட்டு நிற்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். தெய்வசிகாமணி என்கிற அந்தப் பயந்தாங்கொள்ளி மனுஷன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்போது மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், பிறகுதான் எழுந்து போய்க் கதவைத் திறப்பேன்.